உறையிலிருந்து இடுப்பு மட்டம் வரை: நீலகிரியில் கௌபாய் காட்சி எடுப்பவர்களுக்கு

கௌபாய் காட்சியில் நடிகர் துப்பாக்கியை உருவிச் சுட ஏறத்தாழ கால் நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் சினிமாவில் அது ஆறே ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமும் வழக்கமாக 1/48 நொடி திறந்திருப்பதால் அந்த ஆறிலும் கை இழுபட்டு மங்கலாகத்தான் பதியும். அப்படியானால் பார்ப்பவர் எதைப் பார்த்து ‘அடேயப்பா’ என்கிறார்? தலையும் தோளும் கண்ணும் அப்படியே நிற்க, கை மட்டும் போய் வந்ததைப் பார்த்து. நடிகருக்கு முதலில் பழக்க வேண்டியது அந்த அசையாமையை. வீண் அசைவு ஒவ்வொன்றாகக் கழியக் கழிய வேகம் தானே வரும்.

எம். கர்ணன் 1970-இல் ‘காலம் வெல்லும்’, 1972-இல் ‘கங்கா’ என்று ஜெய்சங்கரைக் குதிரை ஏற்றிய காலத்திலிருந்தே தமிழ் ரசிகருக்கு இந்த வகைப் படத்தின் மேல் ஒரு பிரியம் உண்டு. புல்மேடும் பனிமூட்டமும் கண்ணெதிரே கிடக்கும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி குறும்படக் குழுக்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. தொப்பியும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். உருவலைப் பழகித்தான் ஆக வேண்டும். குறைந்தது மூன்று வாரமாவது ஒதுக்குங்கள்.

டம்மி

திரையில் நாம் பார்த்துப் பழகியது பெரும்பாலும் 1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர். இதில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை, அதாவது துப்பாக்கியின் பின்புறச் சுத்தியலை, பின்னுக்கு இழுத்தால்தான் சுட முடியும். டிரிக்கர் அந்த ஹேமரை விடுவிக்க மட்டுமே. உருவும் வித்தை முழுக்கக் கட்டைவிரலில் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். குழல் நாலே முக்கால், ஐந்தரை, ஏழரை அங்குலம் என மூன்று அளவுகளில் பிரபலம். உருவுவதற்கு நாலே முக்கால் அங்குலம்தான் சரி. குழல் நீண்டால் கை அவ்வளவு தூரம் மேலே போக வேண்டும்; அந்தக் கூடுதல் தூரம் தோளில் தெரிந்துவிடும்.

அசல் துப்பாக்கி ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பொம்மைக் கடை கேப் துப்பாக்கி அதில் பாதிகூட வராது. கனமில்லாத டம்மியை வேகமாக உருவினால் கை நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். குழல் முனை நடுங்கும். நெருக்கமான ஷாட்டில் அந்த நடுக்கம் ஒன்றே ‘இது பொம்மை’ என்று காட்டிக்கொடுத்துவிடும். டயர் கடைகளில் வீல் பேலன்ஸுக்கு ஒட்டுகிற எடைத் துண்டுகள் 5 கிராம், 10 கிராம் அளவில் கிடைக்கும். அவற்றை ஒட்டிக் குறைந்தது 800 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் கைப்பிடிக்குள் அடைத்தால் குழல் முனை மேலே துள்ளும். பாதி கைப்பிடியிலும் பாதி தோட்டா போடும் சிலிண்டருக்குள்ளும் இருக்கட்டும். டிரிக்கர் வளையத்துக்குச் சற்று முன்னால் விரலில் வைத்தால் டம்மி சமமாக நிற்க வேண்டும்.

ஹேமர் அசையாத டம்மியில் பழகாதீர்கள். சில்வர் ஓக் பலகையில் தச்சர் அழகாகச் செதுக்கித் தருவார். அது ஓடுகிற, விழுகிற ஷாட்டுகளுக்குப் போதும். கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) கேட்டால் கனம் கிடைக்கும், ஆனால் காயும்போது வெடிப்பு விடும். கட்டைவிரலைப் பழக்க ஹேமர் அசையும் உலோக டம்மி ஒன்றாவது அவசியம்.

கேப் துப்பாக்கியையோ வேறு போலியையோ ‘கொஞ்சம் துளை போட்டால் நிஜமாகவே சுடும்’ என்று யாராவது சொன்னால் அவரைப் படப்பிடிப்புப் பக்கமே சேர்க்காதீர்கள். உரிமம் இல்லாமல் போலித் துப்பாக்கியைச் சுடும் ஆயுதமாக மாற்றுவது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி குற்றம். டம்மியாகவே இருந்தாலும், எடுக்கும் நாளையும் இடத்தையும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சுற்றுலாப் பயணி ஒருவர் தூரத்திலிருந்து பார்த்தால் அவருக்கு அது நிஜத் துப்பாக்கிதான்.

உறை

பாதி வேகம் உறையில் இருக்கிறது. அமெரிக்க மேற்கின் நிஜக் குதிரைக்காரர்கள் துப்பாக்கியை இடுப்போடு ஒட்டி, ஆழமான தோல் உறையில் செருகியிருந்தார்கள். சவாரியில் விழாமல் இருப்பதுதான் அவர்களுக்கு முக்கியம். தொடைவரை தாழ்ந்து தொங்கும் உறை சினிமா பரப்பிய வழக்கம். 1950களில் ஹாலிவுட் நடிகர்களுக்கு உருவக் கற்றுக்கொடுத்த ஆர்வோ ஒஜாலா, இரண்டு தோல் அடுக்குக்கு நடுவே உலோகத் தகடு வைத்த உறையைக் கொண்டுவந்தார். ‘கன்ஸ்மோக்’ தொடரின் தொடக்கக் காட்சியில் ஜேம்ஸ் ஆர்னஸுக்கு எதிரே நின்று சுடப்படுபவரும் இவர்தான். வெறும் தோல் உறை துப்பாக்கியைக் கவ்விப் பிடிக்கும். உள்ளே சிலிண்டர் சுழலாது. தகடு வைத்த உறையில் ஒரு சிறு இடைவெளி எப்போதும் விரிந்தே நிற்பதால், துப்பாக்கி உள்ளே இருக்கும்போதே ஹேமரை இழுக்கலாம். கால் நொடி உருவலுக்கு வழி விட்டது அந்த இடைவெளி.

செய்யச் சொல்லும்போது இப்படிக் கேளுங்கள். வெளித்தோல் 3 முதல் 4 மி.மீ. தடிமன், பட்டை பதனிட்ட மாட்டுத்தோல். உள்ளே 24 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு, அதாவது சுமார் 0.6 மி.மீ. அதற்கும் உள்ளே மெல்லிய தோல் ஒன்று. தகட்டை டம்மியின் மேல் நேரடியாக வளைக்கக் கூடாது. டம்மியைச் சுற்றி 3 மி.மீ. ரப்பர் ஷீட் கட்டி, அதன் மேல் வளைத்து, பிறகு ரப்பரை உருவிவிட்டால் வேண்டிய இடைவெளி கிடைத்துவிடும். தகட்டின் விளிம்பை அரம் போட்டு மழுக்கியே தைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது நாளே உள்தோலைக் கிழித்து விரலை வெட்டும். உறையின் முன்வாய் தாழ்வாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஹேமரும் டிரிக்கர் வளையமும் முழுக்க வெளியே தெரிய வேண்டும்.

குழலின் நுனியில் மேலே நிற்கும் குறிமுள்ளை மட்டும் தனியாகக் கவனியுங்கள். உருவும்போது அது உறையின் உட்பக்கத் தையலில் சிக்கும். சிக்கினால் உறையே துப்பாக்கியோடு மேலே வரும், நடிகரின் முகம் சுளிக்கும், அந்த டேக் போயிற்று. குறிமுள் ஓடும் தடத்தில் தையல் முடிச்சோ பசைக் கட்டியோ இல்லாமல் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சிக்கல் தீராவிட்டால் டம்மியின் குறிமுள்ளை அரத்தால் முன்னோக்கிச் சரிவாக்குங்கள்.

பெல்ட் இரண்டரை முதல் மூன்று அங்குல அகலம். கையைத் தளரத் தொங்கவிட்டால் துப்பாக்கிக் கைப்பிடி மணிக்கட்டு மட்டத்திலோ அதற்கு ஓரிரு அங்குலம் மேலேயோ வர வேண்டும். இன்னும் தாழ்த்தினால் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் என்று நடிகர்கள் கேட்பார்கள், விடாதீர்கள். எடுக்க அவர்கள் தோளைச் சாய்க்க வேண்டியிருக்கும். உறையின் அடியை முழங்காலுக்கு மேலே தொடையோடு வாரால் கட்டுவது அலங்காரத்துக்கு இல்லை. அது இல்லாவிட்டால் உறை மேலே வரும். குளிருக்கு உள்ளே தெர்மல் பேன்ட் போட்டிருந்தால் வார் வழுக்கி இறங்கும். வாரின் உட்பக்கம் கரடுமுரடான சொரசொரப்பு பக்கமாக இருக்கட்டும்.

நீளக் கோட்டு வேண்டும் என்றால் வலப்பக்க மடிப்பில் அதே வீல் பேலன்ஸ் துண்டுகள் 100 கிராம் வரை வைத்துத் தையுங்கள். மேட்டுக் காற்று கோட்டைத் தூக்கி உறையை மூடிவிட்டால் கைக்குத் துப்பாக்கி அகப்படாது.

உருவல்

கால்கள் தோள் அகலத்தில். எடை இரண்டு காலிலும் சமம். ஈரப் புல்மேட்டில் சரிவின் குறுக்கே நில்லுங்கள். சரிவை நோக்கி நின்றால் எடை முன்பாதத்துக்குப் போய் உடல் தானே முன்னால் சாயும். கை கைப்பிடிக்கு மூன்று நான்கு அங்குலம் மேலே, விரல்கள் தளர்ந்து இருக்கட்டும். விரல்களை நகம் போல வளைத்து வைத்திருப்பது போஸ்டருக்கு நன்றாக இருக்கும், ஆனால் விறைத்த விரல் தளர்ந்துதான் மறுபடி பிடிக்க வேண்டும், அதற்கே நேரம் போகும்.

முதல் அசைவில் கை நேராகக் கீழே போகிறது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவட்டு கைப்பிடியின் பின்புறத்தில் போய் உட்கார வேண்டும். கீழ் மூன்று விரல்கள் சுற்றிப் பிடிக்கின்றன. சுட்டுவிரல் நேராக நீண்டு டிரிக்கர் வளையத்துக்கு வெளியே. கட்டைவிரலின் முதல் கணு ஹேமரின் கொக்கிமேல். இந்தப் பிடி முதல் தொடுதலிலேயே சரியாக விழ வேண்டும். பிடித்த பிறகு திருத்திக்கொள்வதற்கு நேரம் கிடையாது.

இரண்டாவது, ஹேமரை இழுப்பது. கட்டைவிரலை மடக்கி இழுக்காதீர்கள். கை மேலே வரத் தொடங்கும்போது கட்டைவிரல் விட்டுக்கொடுக்காமல் நின்றால் துப்பாக்கியின் எடையே ஹேமரைப் பின்னுக்குக் கொண்டுவரும். அசல் கோல்ட்டில் ஹேமர் பின்னுக்கு வரும்போது நான்கு சொடுக்குச் சத்தம் கேட்கும். டம்மியில் அது வராது, ஒலிப்பதிவில் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, குழல் வெளியே வருவது. இங்கேதான் எல்லோரும் கையை உயர்த்துகிறார்கள். உயர்த்த வேண்டாம். முழங்கையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முழங்கை விலாவுக்குப் பின்னால் போக, முன்கை தானே மேலேறும். குழல் நுனி உறைவாயைத் தாண்டிய கணமே மணிக்கட்டு மட்டமாகும். மார்பை இம்மியளவு பின்னுக்குச் சாய்த்தால் இடுப்பு முன்னே வந்து உறையும் துப்பாக்கியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். வேக உருவல் போட்டியாளர்கள் செய்வது இதுதான். கேமரா முன் இதை மிக மிகக் குறைவாகச் செய்ய வேண்டும்.

நான்காவது, நிற்பது. முழங்கை விலாவில் ஒட்ட, குழல் தரைக்கு இணையாக, கை சட்டென்று நிற்க வேண்டும். இந்த நிறுத்தம் சுத்தமாக இருந்தால் முந்தைய மூன்றில் சிறு குறை இருந்தாலும் திரை மன்னித்துவிடும். சுட்டுவிரல் டிரிக்கருக்குள் நுழைவது இதற்குப் பிறகுதான்.

பழகும் முறை எளிது. போனில் மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி) போட்டு நிமிடத்துக்கு 60 தட்டு வையுங்கள். ஒரு தட்டுக்கு ஓர் அசைவு. 20 முறை உருவி ஐந்து நிமிட ஓய்வு, மறுபடி 20, மறுபடி 20. ஒரு நாளைக்கு இது போதும். மேலே போனால் கட்டைவிரல் அடிமூட்டு வீங்கி மூன்று நாள் பாழாகும். நான்கு அசைவும் தப்பாமல் வரும் வரை 60-ஐத் தாண்டக் கூடாது. பிறகு 80, 100, 120. அதன்பின் மெட்ரோனோமை நிறுத்திவிட்டு நான்கையும் ஒரே மூச்சில். ஹேமர் கொக்கி உரசும் இடத்தில் தோல் உரியாமல் இருக்க மெல்லிய துணி டேப் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளலாம்.

நேரத்தை அளக்கப் போனின் ஸ்லோமோஷன் போதும். 240 ஃபிரேமில் எடுத்து, கை முதலில் அசைந்த ஃபிரேமிலிருந்து குழல் மட்டமான ஃபிரேம் வரை எண்ணுங்கள். 120 ஃபிரேம் என்றால் அரை நொடி, 60 என்றால் கால் நொடி. அரை நொடியில் சுத்தமாக வரும் உருவல் திரைக்குத் தாராளம். கால் நொடிக்காக உடம்பை வதைப்பதைவிட அந்த அரை நொடியை மெருகேற்றுவது மேல்.

அதே வீடியோவில் தவறுகளையும் தேடுங்கள். உருவும் முன் வலத்தோள் ஒரு நொடி எழும்பித் தாழ்கிறதா? எதிராளிக்கும் ரசிகருக்கும் அது முன்னறிவிப்பு. கண் துப்பாக்கியைப் பார்க்கிறதா? எதிரே சுவரில் ஒரு பொட்டு ஒட்டி அதைப் பார்த்தபடி உருவச் சொல்லுங்கள். முழங்கை பக்கவாட்டில் விரிகிறதா? சுவருக்கு அரையடி தள்ளி வலப்பக்கம் சுவர் இருக்கும்படி நின்று பழகினால் முழங்கை இடித்து இடித்துத் தானே அடங்கும். இடக்கை என்ன செய்கிறது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அது வலக்கையோடு சேர்ந்து துள்ளினால் முழு உருவலும் பதற்றமாகத் தெரியும்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் விரல் விறைத்துவிடும். கட்டைவிரல் ஹேமரில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. டேக்குக்கு நடுவே கையைக் கம்பளிக்குள்ளோ சூடான டீ கிளாஸிலோ வைத்திருக்கச் சொல்லுங்கள். ஷாட்டுக்கு முன் கையைத் துடைத்துக் காய வைத்துவிடுங்கள்.

இடக்கை விளிம்பால் ஹேமரைத் தட்டித் தட்டிச் சுடும் ஃபேனிங், பார்க்க அமர்க்களம். துத்தநாகக் கலவையில் வார்த்த டம்மியின் ஹேமர் அதில் சீக்கிரமே ஒடியும், அசல் துப்பாக்கியிலும் உள்பாகங்கள் தேயும். வேண்டுமென்றால் ஒரே ஷாட், மாற்று டம்மி கையில் வைத்துக்கொண்டு.

எதிரும் புதிருமாக

வில்லன் முதலில் உருவ, நாயகன் பிறகு உருவி ஜெயிப்பது மரபு. இயற்பியலாளர் நீல்ஸ் போர் இது ஏன் என்று யோசித்து, பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடியே பார்த்தார் என்பார்கள். 2010-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வெல்ச்மன் குழு இதைச் சோதனை செய்தது. எதிராளி அசைந்ததைக் கண்டு அசைபவரின் கை சுமார் 21 மில்லி நொடி வேகமாக ஓடுகிறது. ஆனால் கண்டு புறப்படவே 200 மில்லி நொடி போய்விடுகிறது. நிஜத்தில் நாயகன் தோற்பான்.

காட்சி அமைப்பவருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 200 மில்லி நொடி என்றால் ஏறத்தாழ ஐந்து ஃபிரேம். வில்லன் கை அசைந்த அதே ஃபிரேமில் நாயகன் கையும் அசைந்தால் இருவரும் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தது தெரியும். நான்கைந்து ஃபிரேம் விட்டு நாயகன் புறப்பட வேண்டும். அந்த இடைவெளியை ஈடுகட்ட வில்லன் நடிகரை மெதுவாக உருவச் சொல்லாதீர்கள். அவருடைய உருவலில் ஒரு வீண் அசைவை வையுங்கள். கோட்டை விலக்குவது போதும்.

டம்மிதான் என்றாலும் ஆளை நேராகக் குறிவைக்கக் கூடாது என்பதைப் பழக்கமாக்குங்கள். பத்து மீட்டர் இடைவெளியில் எதிராளிக்கு ஒரு மீட்டர் பக்கவாட்டில் குறி இருந்தாலும் லாங் லென்ஸில் தெரியாது. குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ள பிளாங்க் தோட்டா வேண்டும் என்றால் அது உரிமம் உள்ள ஆயுதப் பொறுப்பாளர் வேலை. குழுவில் யாரும் தொடக் கூடாது. பிளாங்க்கில் ஈயக் குண்டு இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 1984-இல் நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் பிளாங்க் துப்பாக்கியைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு இறந்தார்; அந்த வெடிப்பின் விசையே போதுமானதாக இருந்தது. 1993-இல் பிராண்டன் லீ இறந்தது, முன்பு குழலுக்குள் சிக்கி நின்ற குண்டைப் பின்னால் போட்ட பிளாங்க் வெளியே தள்ளியதால். உறைக்குள்ளேயே ஹேமரை இழுக்கும் முறையையும் பிளாங்க் இருக்கும்போது அறவே விட்டுவிட வேண்டும். சறுக்கினால் சொந்தக் காலில் பாயும். நம் குறும்படங்களுக்கு நெருப்பையும் புகையையும் எடிட்டிங்கில் சேர்ப்பதே நல்லது. நெருப்பு ஒரு ஃபிரேம், மிஞ்சினால் இரண்டு. அக்காலத்துக் கரும்பொடி வெடிமருந்து நிறையப் புகைக்கும் என்பதால் வெண்புகை ஒரு நொடியாவது தங்க வேண்டும்.

கேமராவும் மேடும்

வெயிலில் போன் கேமரா தானாக 1/1000 நொடிக்குப் போய்விடும். அப்போது இழுபடல் இல்லாமல் கை வெட்டி வெட்டி நகரும். ஷட்டரை 1/48 அல்லது 1/50-இல் பூட்டி, வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போடுங்கள். மூட்டம் இறங்கிய பிற்பகலில் வெளிச்சமே குறைவு, ஃபில்டர் வேண்டியிருக்காது. கேமரா இடுப்பு உயரத்தில், உருவும் கைக்கு முன்பக்கச் சாய்கோணத்தில் இருந்தால் குழல் எழுவது நன்றாகத் தெரியும். நேர் பக்கவாட்டில் வைத்தால் முழங்கை பின்னுக்குப் போவது அம்பலமாகும். வேகத்தைக் கூட்ட 22 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டலாம். 20-க்குக் கீழே இறங்கினால் பின்னாலுள்ள புல்லும் கற்பூர மர இலையும் ஓடுகிற மூட்டமும் படபடத்துக் காட்டிக்கொடுக்கும். மூட்டத்தில் இன்னொரு தொல்லை: அது ஷாட்டுக்கு ஷாட் அடர்த்தி மாறும். உருவலின் எல்லாக் கோணத்தையும் ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிட்டு வசனத்துக்குப் போங்கள்.

வெடிச் சத்தத்துக்குப் பின் எதிர்ச்சரிவின் எதிரொலியைச் சேர்த்தால் இடம் நம்பும்படி இருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 170 மீட்டர் தள்ளியுள்ள சரிவிலிருந்து ஒரு நொடியில் திரும்பும்.

புல்மேடும் சோலையும் பல இடங்களில் வனத்துறைக்கு உட்பட்டவை. வென்லாக் டவுன்ஸ் போன்ற இடங்களில் அனுமதி இல்லாமல் டிரைபாட் ஊன்றாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் சத்தம் வரும் எதையும் கொண்டுபோக வேண்டாம். ஜனவரி முதல் புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் கேப்கூட வேண்டாம்.

எடுத்து முடித்ததும் உறைக்குள் துப்பாக்கியைத் திரும்பச் செருகுவதில்தான் விரலும் தோலும் அடிபடுகின்றன. ஹேமரை இறக்கி, சுட்டுவிரலை வெளியே நீட்டி, கீழே பார்த்துக்கொண்டே மெதுவாக வையுங்கள். கீழே பார்ப்பது அழகில்லை என்றால் அந்த இடத்தில் ஷாட்டை வெட்டிக்கொள்ளலாம். மழையிலோ மூட்டத்திலோ நனைந்த உறையை அடுப்பருகே வைத்தால் தோல் சுருங்கித் தகட்டை இறுக்கிக்கொள்ளும். நிழலில் காற்றாட இரண்டு நாள் தொங்கவிடுங்கள். தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் உறைந்து தோலின் மேலேயே வெள்ளையாக நிற்கும். கோத்தகிரிப் பக்கம் கிடைக்கும் தேன்மெழுகைக் கொஞ்சம் சூடாக்கித் துணியால் தேயுங்கள். பூஞ்சைக்கு என்று நீலகிரித் தைலத்தைத் தடவ வேண்டாம், தையலுக்கு அடியிலுள்ள ரப்பர் பசை இளகிவிடும். டம்மியைத் தனியாக, உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். உறைக்குள்ளேயே விட்டால் தோலின் ஈரம் ஹேமர் ஸ்பிரிங்கில் துரு ஏற்றும். அடுத்த ஷெட்யூலில் ஹேமர் பாதியில் நிற்கும்.